பாப்பாவைக் கீறும் கொக்கி

அது வீட்டு பிளான்தானுங்களே அக்கா, மடியில் சுருட்டி வைத்திருப்பது? கேட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீங்க. நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிற ஆளே இல்லை. எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. டிக்கெட் வாங்கும்போதுகூட ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்க வீட்டுக்காரர் சொல்வார், "உன்ற வாயத் தொறக்க வெக்கோணும்னா லாரிக்குக் கீழ வெக்கற ஜாக்கிதான் வேணும்" என்று.

பாப்பா காலைக் கொஞ்சம் உங்கள் பக்கம் நீட்டிக்கட்டுங்களா? தூங்கிவிட்டாள். மகிழினி என்று பேர், ஒன்றே முக்கால் வயசு. இந்தக் கன்னத்தைப் பாருங்க. மெல்லிசாக ஒரு கோடு தெரியுதுங்களா? வெயில் பட்டால்தான் தெரியும். இந்தக் கோட்டினால் ஒரு சாருடைய மூன்று வருஷப் படிப்பே போகப் பார்த்தது. காரணம் நான்தான்.

உங்களுடையது கீழே கடை, மேலே வீடுங்களா? அப்படித்தான் இருக்கும். இப்போது எல்லாரும் அப்படித்தானே கட்டுகிறார்கள். பின்னாடி செவுரு, ஒரு பக்கம் செவுரு, முன்னாடி வெறும் தூணும் ஷட்டரும். அப்படியென்றால் நீங்கள் இதைக் கேட்க வேண்டியவங்கதான். நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனேன், எஞ்சினியர் மாதிரியெல்லாம் சொல்லத் தெரியாது. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு எஞ்சினியரிங் காலேஜில் வேலை. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. சிரிக்காதீங்க. அங்கே லேப் என்று ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது. பசங்கள் கட்டை கட்டையாகக் கான்கிரீட் போட்டு வைப்பார்கள். அது மேல் சாக்கைப் போட்டு, காலையும் சாயங்காலமும் நனைக்க வேண்டும். இருபத்தெட்டு நாள். அப்புறம் அதைத் தூக்கிப்போய் மிஷினில் வைத்து உடைப்பார்கள். நான் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து நனைத்ததை அவர்கள் அஞ்சு நிமிஷத்தில் உடைத்து, எழுதிக்கொண்டு, டீ குடிக்கப் போய்விடுவார்கள். கூட்டி அள்ளுகிறதும் நான்தான்.

அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர் பரிதி சார். இளம்பரிதி என்று முழுப்பேர். வயசு முப்பது இருக்கும். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வருவார், மத்தியானம் நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்? எனக்குத்தான் கூச்சமாச்சே. பாப்பாவுடைய சட்டையை அவர் முன்னால் கழற்றித் திருப்பிப் போடுவேன். அவருக்கு அப்போதும் புரியாது.

அவர் மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டடத்தை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். திருகுகிறது என்றால், ஈர வேட்டியைப் பிழிகிறோமே, அந்த மாதிரி. நிலம் அசைந்தால் கட்டடம் சும்மா இப்படி அப்படி ஆடுவதில்லையாம். செவுரு இருக்கிற பக்கம் கெட்டியாக நின்றுவிடும். வெறும் தூண் இருக்கிற பக்கம் நகரும். அப்போது மொத்தக் கட்டடமும் திருகுமாம். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. கட்டடம் பாம்பாட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது! "பயப்படாதீங்க அக்கா, கண்ணுக்குத் தெரியணும்னு நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டியிருக்கு" என்றார். அவருக்கு நான் அக்காவாம். நான் அவரைவிட நாலு வயசு சின்னவள்.

அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு நிஜம்தானா என்று பார்க்க, நிஜமாகவே ரெண்டு குட்டிக் கட்டடம் கட்டி மிஷினில் வைத்துத் திருக வேண்டும். நெசக் கட்டடத்தில் கால் பங்கு அளவு. தூண் என் மணிக்கட்டு கனம்தான் இருக்கும். ரெண்டும் பார்க்க ஒரே அச்சு. வித்தியாசம் ரிங்கில்.

ரிங் தெரியுமில்லைங்களா? தூணுக்குள் நெட்டுக்கு நாலு கம்பி நிற்கும், அதைச் சுற்றிச் சதுரமாக வளையம் கட்டுவார்கள். அந்த வளையத்தின் ரெண்டு நுனியும் சேருகிற மூலையில் கொக்கி மாதிரி மடக்க வேண்டும். நுனியை நல்லா உள்ளே, தூணுடைய வயிற்றைப் பார்க்க மடக்கினால் அது புத்தகத்தில் இருக்கிற முறை. சும்மா இங்கிலீஷ் எல்-ஆட்டம் மடித்து விட்டுவிட்டால் அது சைட்டில் இருக்கிற முறை. எங்க வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர்தான். அவர் முறையும் எல்-ஆட்டம்தான். உள்ளே மடக்கினால் கம்பியை இறக்கும்போது இடிக்கும், நேரமும் ஆகும் என்பார்.

பரிதி சாருக்கு மூணு மில்லி கம்பியில் ஒரு கட்டடத்துக்கு நானூறு ரிங் வேண்டும், ரெண்டுக்கு எண்ணூறு. அவரே வளைக்கிறேன் என்று உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பதினொரு ரிங் வளைத்தார். பதினொன்றும் பதினொரு தினுசு. ஒன்று நிஜமாகவே வட்டமாக இருந்தது. திலகவதி மேடம், அவருக்கு மேலே இருக்கிற பெரிய மேடம், அந்த வட்டத்தை விரலில் மாட்டிக்கொண்டு, "பரிதி, நிச்சயதார்த்தம் எப்போ?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அவர் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் முத்தினாற்போல் இருக்கும். அதில் மூணு மில்லி கம்பி எங்கே நிற்கும்? ரெண்டு நாள் முனகிவிட்டு, பலகையில் நாலு ஆணி அடித்து என் மடியில் வைத்துவிட்டார். "நீதான் கோலப்புள்ளி வெக்கறவ. உனக்கு நேரா வரும்" என்றார். இருபது வளைத்துக் கொடுத்தேன். பரிதி சார் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, "சூப்பர்க்கா" என்றார். அதற்கப்புறம் அவர் கொக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து வளைப்பேன். புத்தக ரிங்குக்கு மஞ்சள் நூல், சைட் ரிங்குக்குச் சிவப்பு நூல்.

அண்ணா, அந்த ஜன்னலைச் சாத்துங்கண்ணா, குழந்தைக்குக் காத்து அடிக்குதில்ல? முழுசாச் சாத்துங்க. ஆங், அவ்வளவுதான்.

எங்கே விட்டேன்? சிவப்பு நூல். அந்தச் சைட் ரிங் நானூறும் வளைத்துக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். பாப்பா அப்போது தவழ்கிற வயசு. கிலுகிலு என்று சத்தம் வருகிறதல்லவா, கூடைக்குள் தலையை விட்டுவிட்டாள். எல்-ஆட்டம் மடித்த வால் ஒட்டி நிற்காதுங்க, லேசாக எட்டிக்கொண்டே நிற்கும். கன்னத்தில் இழுத்துவிட்டது. ரத்தம். அவள் அழுத அழுகைக்கு எதிர்வீட்டுக்காரர்களே ஓடி வந்துவிட்டார்கள்.

நான் என்ன செய்வேன்? அன்றைக்கே கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஒவ்வொரு வாலாக, நானூறையும், குழந்தை கையில் படாதபடி உள்ளே மடக்கிவிட்டேன். மூன்று நாள் ஆச்சு. விரல் கொப்புளித்துப் போச்சு. அது தப்பு என்று தோன்றவே இல்லைங்க. ரிங் ரிங்குதானே, வால் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். சாரிடம் சொல்லவும் இல்லை. எங்க வீட்டுக்காரர் கம்பி கட்டும்போது, "என்ன புள்ள, இதுவும் உள்ள மடங்கியிருக்குது?" என்றார். "ஆமாங்க" என்றேன். சார்தான் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கே கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. சாக்கைப் போட்டு இருபத்தெட்டு நாள் ரெண்டையும் ஒரே மாதிரி நனைத்தேன்.

முதலில் மஞ்சள் நூல் கட்டடத்தைத் திருகினார்கள். மிஷின் ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தள்ளும், எவ்வளவு நகர்ந்தது என்று நம்பர் ஏறிக்கொண்டே போகும். நாற்பதைத் தாண்டித்தான் விட்டது. கம்ப்யூட்டரும் நாற்பது என்றுதான் சொல்லியிருந்தது. பரிதி சார் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் சிவப்பு நூல் கட்டடம். சைட் கொக்கி சீக்கிரம் கழன்றுகொள்ளும், இது இருபத்தெட்டிலேயே விட்டுவிடும் என்று பேப்பரில் கோடு போட்டு வைத்திருந்தார். இருபத்தெட்டு வந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்தார். முப்பது. பேனா அப்படியே நிற்கிறது. முப்பத்தஞ்சு. கட்டடம் பாட்டுக்கு நிற்கிறது. நாற்பதில்தான், வேட்டி பிழிந்த மடிப்பு மாதிரி சாய்வாக விரிசல் சுற்றிக்கொண்டு ஓடியது.

அன்றைக்கு யாரும் வடை தின்னவில்லை.

மேடம் சொன்னார், "பரிதி, கட்டடம் பொய் சொல்லாது. உன் கணக்கைத்தான் பாக்கணும்." அவரும் பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். தாடி வளர்ந்துவிட்டது. சட்டையைச் சரியாக மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார், அதிலிருந்தே ஆள் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துபோச்சு.

நான் உடைந்ததைக் கூட்டினேன். சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு ரிங் தெரிந்தது. பக்கத்திலேயே சிவப்பு நூல் துண்டு. கொக்கி உள்ளே பார்க்க மடங்கியிருந்தது, மேலே என் பிளேயர் கடித்த தழும்பு. விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன் அக்கா. அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் சார் மேடத்திடம் சொல்கிறார்: "கொக்கி எப்படி மடக்குனாலும் ஒண்ணுதான்னு எழுதிடறேன் மேடம். கம்ப்யூட்டர் கணக்கை மாத்திடறேன்." மேடம், "வெள்ளிக்கிழமை கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்றார். அன்றைக்குத் திங்கள்.

சொல்லியிருக்கலாமே என்பீங்க. எப்படிச் சொல்வது? சொன்னால் எங்க வீட்டுக்காரர் பேர் கெடும். என் வேலை போகும். ஸ்டோர் ரூம் மூலையில் பாப்பாவைப் படுக்க வைத்துக்கொள்ள மேடம் விட்டிருந்தார், அதுவும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, வாய் வராது.

செவ்வாய்க்கிழமை அந்த ரிங்கை உருவிக் கழுவி, பரிதி சாருடைய சாப்பாட்டு டப்பா மேல் வைத்தேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். புதன்கிழமை ரெண்டு ரிங் வைத்தேன். பேப்பர் பறக்காமல் இருக்க அது மேல் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கட்டை மேலேயே, எழுத்துத் தட்டுவார்களே, அங்கேயே வைத்தேன். "அக்கா, பாப்பா இங்கெல்லாம் வெளையாடுது, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். டாக்டர் ஆகப் போகிறவர்!

வெள்ளிக்கிழமை காலையில் மேடம் ரூமில் ரெண்டு பேரும் இருக்கிறார்கள். மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் உள்ளே போனேன். இடுப்பில் பாப்பா. கையில் ரிங். முந்தின நாள் முழுக்க மனப்பாடம் பண்ணியிருந்தேன், சார் இந்த மாதிரி, நானூறு ரிங், சிவப்பு நூல் என்று. வாயைத் திறந்தால் வந்தது இவ்வளவுதான்:

"பாப்பாவுக்குக் கீறிடுச்சுங்க சார்."

ரெண்டு பேரும் பாப்பாவைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். மேடம், "மருந்து போட்டியாம்மா?" என்றார். நான் ரிங்கை நீட்டி, "சிவப்பு நூலுங்க" என்றேன். மறுபடியும், "பாப்பாவுக்குக் கீறிடுச்சுங்க" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மேடம்தான் ரிங்கை வாங்கிக் கொக்கியைத் தடவிப் பார்த்தார். பாப்பா கன்னத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பேனாவை மூடினார். "எத்தனை மடக்குன?" என்று கேட்டார். "எல்லாமுங்க." எழுந்து லேபுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து, அந்தப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, உடைந்த கட்டடத்தை அவரே தட்டினார். ஒவ்வொரு ரிங்காக வெளியே வந்தது. ஒவ்வொரு கொக்கியும் உள்ளே.

பரிதி சார் கம்ப்யூட்டரிடம் ஓடினார். ரெண்டு கட்டடத்துக்கும் கொக்கி உள்ளே என்று போட்டார். நாற்பது, நாற்பது என்று வந்தது. கணக்கு முதலிலிருந்தே சரிதான்! கட்டடமும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நான்தான். "அக்கா, மூணு நாளா என் முன்னால வெச்சது இதுதானா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் தலையில் அவரே ரெண்டு போட்டுக்கொண்டார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

மேடம் ரெண்டு மாசம் தவணை வாங்கிக் கொடுத்தார். மூணாவதாக ஒரு கட்டடம் போட வேண்டும், நிஜமான சைட் ரிங்கோடு. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செஞ்சு குடுங்கண்ணா" என்றார் பரிதி சார். இவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சார், என்ற வழக்கம் மாதிரி செய்யோணும்னா, தப்பாச் செய்யோணும்னு அர்த்தமுங்களா?"

சாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அப்படி இல்லீங்கண்ணா…" என்று இழுத்தார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தடவை என்னைத் தொடவே விடவில்லை. அந்த வெண்டைக்காய் விரலால் நானூறையும் அவரே வளைத்தார், எல்-ஆட்டம், நூல் பிடித்த மாதிரி. கட்டு ஒவ்வொன்றையும் ரெண்டு தரம் முறுக்கினார். "பதினாலு வருசமா இப்படித்தான் கட்டறேன். எந்த வூடு வுழுந்துச்சு? நிக்கும் பாரு" என்றார். நான் அதையும் இருபத்தெட்டு நாள் நனைத்தேன். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பக்கம் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர், ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர். நான் யாருக்கு வேண்டுவது சொல்லுங்க.

அதைத் திருகுகிற அன்றைக்கு இவர் வேலைக்குப் போகவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்த மாதிரி சேரில் உட்கார்ந்திருந்தார். மிஷின் ஓடியது. இருபது. இருபத்தஞ்சு. இவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தேழரையில் ஓரத்துத் தூணில் சிமெண்ட் பட்டென்று தெறித்தது. உள்ளே அவருடைய ரிங், கொக்கி வாயைத் திறந்துகொண்டு, பூட்டு கழன்ற சங்கிலி மாதிரி விரிந்துவிட்டது. தூண் அப்படியே முறுக்கிக்கொண்டு சாய்ந்தது.

பரிதி சார் குதித்தார். குதித்துவிட்டு இவரைப் பார்த்துக் குதிப்பதைப் பாதியில் நிறுத்தினார். இவர் எழுந்து போய் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "சரிங்க சார், வர்றனுங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணி வெயிலில் வண்டியில் போகிறோம். நான் பின்னாடி, பாப்பா நடுவில். வழியில் அவர் கம்பி கட்டி நிறுத்தியிருந்த ஒரு வீடு, உங்கள் பிளான் மாதிரியே, கீழே கடை. மறுநாள் காலையில் தூணுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். வண்டியை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பி வளைக்கிற பைப்பை எடுத்துக்கொண்டு, ஓரத்துத் தூணிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கொக்கியாக உள்ளே தள்ளி மடக்குகிறார். வேர்த்துக் கொட்டுகிறது. பொழுது சாய்கிற வரைக்கும் நான் மணல் மேல் உட்கார்ந்திருந்தேன்.

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "ஏனுங்க, எதுக்குங்க மடக்கறீங்க?"

திரும்பியே பார்க்கவில்லை. "ஆராச்சும் கொழந்த வந்து கன்னத்துல கீறிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எந்த சைட்டிலும் உள்ளேதான் மடக்குகிறார், ஏன் என்று கேட்டால் இதே பேச்சுத்தான். தப்பாகக் கட்டினேன் என்று மட்டும் வாயில் வராது. நானும் கேட்டுக்கொள்வதில்லை.

என் ஸ்டாப்பு வந்துவிட்டது அக்கா. பாப்பா காலை விடுங்க, தூக்கிக்கொள்கிறேன். அடடா, நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! என்னைவிடக் கூச்சமாட்டம் இருக்குது.

ஒன்றே ஒன்று மட்டும். உங்கள் தூணுக்குக் கான்கிரீட் போடுகிறதுக்கு முந்தின நாள் சைட்டுக்குப் போங்க. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தரம் பாருங்க. வெளியே பார்த்தால், கம்பி கட்டுகிறவரிடம் நேராகச் சொல்லிவிடாதீங்க, ரோஷப்படுவார்கள். வீட்டில் சின்னக் குழந்தை ஏதாவது இருந்தால் இடுப்பில் வைத்துக்கொண்டு போங்க.

மிச்சத்தை அவர்களே மடக்கிவிடுவார்கள்.